ஹிஸ்டரியை அழித்தாலும் போகாது, அதற்காகப் பயந்து பணமும் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், நெட்டில் நாம் பார்ப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, பிரௌசர் ஹிஸ்டரியை அழித்துவிட்டால் கதை முடிந்தது என்று எழுதியிருந்தார். அடுத்த சில நாளில் இன்னொருவர், போன் வாங்கிய நாளிலிருந்து நம் ஒவ்வொரு அசைவையும் அரசாங்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பதில் எழுதினார். இரண்டும் தவறு. முதலாவதை நம்புகிறவர்களும் இரண்டாவதை நம்புகிறவர்களும் தினமும் என் கடைக்கு வந்து நிற்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் சின்னக் கடை. இப்போது போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று இருக்கிறது. முன்பு பிரௌசிங் சென்டர் என்று இருந்தது. கப்பல் வேலைக்குத் தேவையான சிடிசி சான்றுக்கு விண்ணப்பம் போடும் பையன்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வரும் மொத்தக் குடும்பம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு சாட் பண்ண வருகிறவர்கள் என்று ராத்திரி பத்து மணி வரை கூட்டம் இருந்த காலம் அது. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்த பிறகு கேபின்களை எடுத்துவிட்டேன். இரண்டு மிஷின்கள்தான் மிச்சம்.

2011இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஐடி ப்ரூஃப் காட்டாத யாரையும் கம்ப்யூட்டரில் உட்கார வைக்கக் கூடாது. பெயர், முகவரி, போன் நம்பர், எந்த மிஷின், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். அதை ஒரு வருடமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்தெந்த சைட் திறக்கப்பட்டது என்ற பதிவும் அதே போல ஒரு வருடம் இருக்க வேண்டும். கேபின் தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் தடுப்புகள் ஆள் உயரம். தச்சரை வரவழைத்து, டேப் பிடித்துக் கோடு போட்டு, ப்ளைவுட்டை அறுத்தோம். மரத்தூள் கீபோர்டுக்குள் போய் ஸ்பேஸ் பார் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

தடுப்பைக் குறைத்ததும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த சில வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். வந்தவர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் ரிஜிஸ்டரில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடும்போது ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, இதை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று. பின்னால் நடந்து போகிறவன் கண்ணில் படுவது ஒரு நிமிஷ விஷயம். நோட்டில் ஏறியது அப்படியா?

அந்த நோட்டு இப்போது என் மேஜையில் இல்லை, நெட் கொடுக்கும் கம்பெனியிடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, அழைப்புப் பதிவுகளையும் இன்டர்நெட் பதிவுகளையும் ஒரு வருடத்துக்குப் பதிலாகக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கச் சொன்னது. எந்த சிம், எத்தனை மணிக்கு நெட்டுக்குள் வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, அப்போது அதற்குக் கொடுத்த ஐபி எண் (நெட்டில் அந்த இணைப்புக்கான முகவரி எண்) என்ன, எந்த ஐபி முகவரியோடு பேசியது என்பதெல்லாம் இந்தப் பதிவில் வரும். சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் கம்பெனிக்குத் தெரியும். ஆகவே உங்கள் போனில் ஹிஸ்டரியை அழித்தால் வீட்டில் இருப்பவர்கள் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். கம்பெனி நோட்டில் உங்கள் ரப்பர் வேலை செய்யாது.

அதற்காக நீங்கள் படித்தது, பார்த்தது, எழுதியது எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். இப்போது பெரும்பாலான சைட்டுகள் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் ஓடுகின்றன. தேரடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறீர்கள். இறங்கிய இடம் டிரைவருக்குத் தெரியும், எந்த வார்டுக்குப் போனீர்கள், டாக்டர் என்ன சொன்னார் என்பது தெரியாது. நெட் கம்பெனியின் நிலையும் அதுதான். யூடியூபுக்குப் போனது தெரியும், எந்த வீடியோ என்று தெரியாது. பேங்க் சைட்டுக்குப் போனது தெரியும், பேலன்ஸ் தெரியாது. ஆனால் சில இடங்களுக்குப் போனது தெரிந்தாலே போதும், மிச்சத்தை யாரும் ஊகித்துவிடுவார்கள். கடன் ஆப், ஒரு குறிப்பிட்ட நோய்க்கான சைட், விவாகரத்து வக்கீல் சைட். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே என்ன பேசினோம் என்பது தெரியாதே என்று சில படித்தவர்களே அலட்சியமாக இருக்கிறார்கள்.

பிரௌசரில் ஹிஸ்டரி பதியாமல் பார்க்கத் திறக்கும் இன்காக்னிட்டோ பற்றியும், ஹிஸ்டரியை அழித்தால் போதும் என்ற அதே வாசகர் பெருமையாக எழுதியிருந்தார். அந்தக் கறுப்புத் திரை உங்கள் மிஷினில் ஹிஸ்டரியையும் குக்கியையும் (நம்மை அடையாளம் தெரிந்துகொள்ள சைட்டுகள் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு) மிச்சம் வைக்காது. வெளியே போகும் போக்குவரத்தில் எதையும் மறைக்காது. இதை நம்பி ஏமாந்தோம் என்று அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். இன்காக்னிட்டோவில் இருந்தபோது சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாகவும், முதல் பக்கத்து அறிவிப்பைத் தெளிவாக மாற்றி எழுதுவதாகவும் 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது. அழிப்பதற்கு அத்தனை பதிவு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

விபிஎன், அதாவது நம் நெட் போக்குவரத்தைப் பூட்டி இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப், போட்டுவிட்டேன் என்று சொல்கிற காலேஜ் பையன்களும் வருவார்கள். விபிஎன் போட்டால் நெட் கம்பெனி கண்ணிலிருந்து மறைவது உண்மை. அந்த இடத்தில் விபிஎன் கம்பெனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தியாவில் விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன் போன்றவை அதற்கு ஒப்புக்கொள்ளாமல் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. காசு வாங்காத விபிஎன் எப்படிச் சாப்பிடுகிறது என்று பையன்கள் யோசிப்பதில்லை. அப்புறம், விபிஎன்னைப் போட்டுவிட்டுத் தன் ஜிமெயிலில்தான் லாகின் பண்ணுவார்கள்! முகத்தை மூடிக்கொண்டு பெயரைச் சத்தமாகச் சொல்கிற வேலை.

சரி, இப்போது பயப்படுகிறவர்கள் கதை. இந்தக் கடிதத்தை முக்கியமாக எழுத வைத்ததே இதுதான்.

எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஸ்கூலில் அரசு கொடுத்த லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நான் ஷட்டர் தூக்கும் முன்பே வந்து நின்றார். முதல் நாள் ராத்திரி ஏதோ படம் டவுன்லோட் பண்ணப் போக, திரை முழுக்க ஒரு பக்கம் வந்து மூடிக்கொண்டிருக்கிறது. மேலே சிங்க முத்திரை, ஒரு அமைச்சகத்தின் பெயர். தடை செய்யப்பட்ட ஆபாசத் தளங்களைத் தொடர்ந்து பார்த்ததால் உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, ஆறு மணி நேரத்துக்குள் அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று ஆங்கிலத்தில் மிரட்டல். கீழே அவருடைய ஐபி எண், சென்னை, விண்டோஸ், குரோம் என்று விவரங்கள், அத்தனையும் சரியாக. ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே போகிறது. மவுஸ் அம்பைக் காணோம். தம்பி டெபிட் கார்டு எண்ணைப் போட்டு, ஓடிபியையும் போட்டிருக்கிறார். பாதிச் சம்பளம் போயிற்று. பக்கம் மூடவில்லை, மறுபடியும் பணம் கேட்டது. ஆஃப் பண்ணினால் கேஸ் ஆகிவிடும் என்று அதில் எழுதியிருந்ததால் விடிய விடிய அதன் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

லேப்டாப்பைத் திறந்து எஸ்கேப் கீயை அழுத்திப் பிடித்தேன். முழுத்திரை சுருங்கி மேலே குரோம் டேப் வந்தது. முகவரிக் கட்டத்தில் ஜிஓவி டாட் இன் என்று எதுவும் இல்லை, கண்டமேனிக்கு எழுத்தும் எண்ணும். டேப்பை மூடினேன். அவ்வளவுதான், முடக்கம் நீங்கியது. வைரஸ்கூட இல்லை, திரையை அடைத்துக்கொண்ட சாதாரண வெப் பக்கம்.

தம்பி பணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "அக்கா, நான் பார்த்தது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றுதான் கேட்டார்.

தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்துக்கு யார் வந்தாலும் அதே வாசகம்தான் வரும். ஐபி எண், பிரௌசர் பெயர், விண்டோஸா ஆண்ட்ராய்டா என்பதெல்லாம் எந்த சைட்டுக்குப் போனாலும் நம் மிஷின் தானாகக் கொடுக்கும் விவரங்கள். ஐபி எண்ணைக் கொடுக்காவிட்டால் பக்கமே வந்து சேராது. ஐபி எண்ணை வைத்து வெளியாளால் கண்டுபிடிக்க முடிவது நெட் கம்பெனியின் பெயரும் தோராயமாக ஊரும் மட்டுமே. என் மிஷினில் ஐபி காட்டும் சைட்டைத் திறந்து காட்டினேன், சென்னை என்றது. தம்பியின் போனில் மொபைல் டேட்டாவில் திறந்தோம், வேறு மாநிலத்து ஊரைச் சொன்னது. பழைய வகை ஐபி எண்களுக்குப் பஞ்சம் என்பதால் மொபைல் கம்பெனிகள் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இன்னார்தான் என்று பிரிக்க வேண்டுமானால், சரியான நேரமும், ஒரே ஐபியில் இருக்கும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் தெரிந்து, கம்பெனி தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தால்தான் உண்டு. அந்த நோட்டைப் புரட்டச் சொல்லும் அதிகாரம் ராத்திரி பதினோரு மணிக்குத் திரையில் வந்து நிற்கும் ஒரு பக்கத்துக்குக் கிடையாது.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து மிரட்டுகிறவர்களுக்கும் பிழைப்பு இதே பயத்தில்தான் ஓடுகிறது. அப்படி ஒரு ஏற்பாடு சட்டத்தில் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். ஆனாலும் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று முன்பே நம்பிவிட்டவருக்கு, பார்த்துவிட்டோம் என்று ஒருவன் சொன்னால் சந்தேகம் வருவதில்லை. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போன் உங்களை ஒட்டுக் கேட்கிறது என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போடுகிறீர்கள். யார், எதைக் கேட்கிறார்கள் என்று உள்ளே தேடினால் கிடைப்பதில்லை.

உண்மையில் அதிகம் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிரட்டுவதே இல்லை. கூகுள் கணக்கில் என் செயல்பாடு என்ற பக்கத்தை வாடிக்கையாளர்களுக்குத் திறந்து காட்டுவேன். பல வருடங்களுக்கு முன் தேடியது, யூடியூபில் பார்த்தது, எந்த ஆப்பை எத்தனை மணிக்குத் திறந்தது, எல்லாம் தேதி வாரியாக வரிசையில் இருக்கும். ஒரு அம்மாவுக்குத் தன் மகளின் பிரசவ நேரத்தில் விடியற்காலை தேடியதெல்லாம் அப்படியே வந்தது. அவர் பயப்படவில்லை, ரசித்துப் பார்த்தார்! பதிவைத் தானாகவே அழியும்படி அதே பக்கத்தில் வைக்கலாம், விளம்பரக் கம்பெனிகள் நம் போனை அடையாளம் காண வைத்திருக்கும் விளம்பர ஐடியை ஆண்ட்ராய்டு செட்டிங்கில் நீக்கலாம் என்று சொன்னேன். இருக்கட்டும்மா என்றுவிட்டார். அவர் விருப்பம். நைட்டி ஒன்றைப் பார்த்தால் மூன்று ஆப்பில் நைட்டி விளம்பரம் வருகிறதே, மைக்கில் கேட்கிறார்களா என்று கேட்பவர்களுக்கும் சொல்வது இதுதான். மைக் எதற்கு? பார்த்தது, நின்றது, வாங்கியது எல்லாம் விளம்பரக் கம்பெனிகளுக்குக் குக்கியும் அந்த ஐடியும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதற்கெல்லாம் அனுமதி கேட்ட திரையில் ஓகே அழுத்தியதும் நாம்தான்.

இதைவிட மோசமான கண்காணிப்பு ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் எனக்கு யார் மெசேஜ் போட்டாலும் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது, போலீஸில் ஆள் வைத்திருக்கிறாராம் என்று ஒரு பெண் வந்து சொன்னார். வாட்ஸ்அப் மெசேஜ்களுக்கு 2016லிருந்தே இரண்டு முனைக்கும் நடுவில் பூட்டு இருக்கிறது. வழியில் நின்று படிப்பது லேசில் நடக்காது. அவர் போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்தேன். விண்டோஸ், குரோம், கடைசியாக அன்று காலை. தூங்கும்போது க்யூஆர் கோடை ஒரு தடவை ஸ்கேன் பண்ணினால் போதும். அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தால் நின்றுவிடும் என்றேன், நின்றது வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தார். இப்போதைக்கு இருக்கட்டும்க்கா, தங்கச்சிகிட்ட பேச அம்மா வீட்டுப் போனை வெச்சுக்கறேன் என்று போய்விட்டார். பெண்கள் உதவி எண்ணான 181ஐ எழுதிக் கொடுத்தேன், அதைக்கூடப் போனில் பதிய வேண்டாம் என்று சொல்லி. டெல்லியிலிருந்து பார்க்கிறார்களா என்று கேட்கும் பலருடைய போனில் கூகுள் மேப் லொகேஷன் ஷேரிங் வீட்டு ஆளுக்கே போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் பையன் என்ன பார்க்கிறான் என்று எடுத்துச் சொல்லுங்கள் என்று பெற்றோரும் போனைக் கொண்டுவருவார்கள். அதை நான் செய்வதில்லை. பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

அரசாங்கத்தால் முடியாதா என்றால், முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின்படி நெட்டில் போவதை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் உத்தரவிடலாம். சாதாரணமாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். 2018 டிசம்பரில் பத்து மத்திய அமைப்புகளுக்கு இந்த வேலைக்கான அனுமதி அறிவிக்கப்பட்டது. உள்ளூர் போலீஸ் ஒரு வழக்கு விசாரணைக்காகக் கம்பெனியிடம் பதிவுகளைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். இதில் எனக்குக் குறை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 69ஆம் பிரிவில் உத்தரவு போடுவதும் அதிகாரி, அது சரியா என்று பின்னால் பார்க்கும் குழுவிலும் அதிகாரிகளே. நீதிபதி யாரும் நடுவில் இல்லை. கண்காணிக்கப்பட்டவருக்குச் சொல்லும் வழக்கமும் இல்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் வருகிறவர்கள் கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கடையிலிருந்தே சைபர் பண மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் போட்டோம். பணம் போன நேரம், தொகை, பேங்க் எஸ்எம்எஸ்ஸில் இருந்த பரிவர்த்தனை எண் கேட்டார்கள். மரியாதையாகப் பேசி, புகார் எண் கொடுத்தார்கள். கார்டையும் பிளாக் பண்ணினோம். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ராத்திரியே கூப்பிட்டிருக்கலாமே என்றேன். என்ன சைட் பார்த்தாய் என்று கேட்பார்களே, அதுதான் பயம் என்றார். பிறகு காவல் நிலையத்துக்கு எழுத்துப் புகாரோடு போனார். அங்கே மேஜையில் இருந்தவர் புகாரைப் படித்துவிட்டு, நாலு பேர் முன்னால், சத்தமாக, அதையேதான் முதலில் கேட்டிருக்கிறார். தம்பி புகார் காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை, இந்தப் பக்கத்தில் எங்கும் நடக்கக் கூடியதுதான். சென்னை பெருநகரக் காவல்துறைக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள். நெட் மோசடிப் புகார் கொடுக்க வருகிறவரிடம் வரவேற்பு மேஜையில் பணம் போன விவரத்தை மட்டும் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பது விசாரணைக்குத் தேவைப்பட்டால் தனியாக உட்கார வைத்துக் கேட்கலாம் என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். 1930 எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி வாசலில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன்களிலும் வைக்கலாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்டு கேட்கும் அந்தப் போலிப் பக்கத்தின் படத்தை, முகவரிக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் போடுங்கள். என் மிஷினில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
திருவொற்றியூர், சென்னை